கட்டிலைப் பற்றிக் கேட்காத பிலோமினா

புதிதாக நியமனம் பெற்ற கிராம அலுவலர்களுக்கு மன்னாரில் ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்றவர்கள் சிலரை அனுபவம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போனேன். இனிமேல் ஆளை அடையாளம் காண்பதற்கு விரலைக் கண்ணாடியில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் திரையில் வந்துவிடும் என்று எனக்கு முன்னால் பேசியவர் விளக்கினார். என் முறை வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

"மிஸ், நீங்கள் உயர்தரத்தில கிரேக்க உரோம நாகரிகம் படிச்சனீங்கள் எண்டு சொல்லுகினம். நானும் அதுதான் படிச்சனான். இந்த வேலையில அது எங்கையாவது உதவினதோ?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பாடத்தை நான் விரும்பி எடுக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் கலைப்பிரிவில் ஒழுங்காக வகுப்புக்கு வந்த ஒரே ஆசிரியர் அதைத்தான் படிப்பித்தார். ஒலிம்பஸ் மலைத் தேவர்களின் குடும்பச் சண்டைகளை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், அடுத்த தெருவில் நடந்ததைச் சொல்வதுபோல இருக்கும். அதில் நல்ல புள்ளி வந்தது. பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. பரீட்சை எழுதிக் கிராம அலுவலரானேன். சில வருடங்கள் மன்னார்த் தீவுக்குள் வேலை. பிறகு போர் முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், முசலிப் பக்கம் மாற்றினார்கள். மறிச்சுக்கட்டிக்குப் போகும் வழியில் ஒரு கரையோரக் கிராமம். அங்கே இருப்பவர்கள் இதை வாசித்தால் என்னோடு கோபிக்கக்கூடும், ஆகவே ஊரின் பெயர் வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு மண்டபத்தில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பிரதேச செயலாளர் றஹீம் சேர். மெலிந்த, உயரமான மனிதர். பல்கலைக்கழகத்தில் கிரேக்க, உரோமப் பண்பாட்டையே சிறப்புப் பாடமாகப் படித்தவர். நானும் கொஞ்சம் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுக்குக் கதை நேரமாகிவிட்டது. மற்றவர்கள் சம்பள உயர்வைப் பற்றிப் பேச, நாங்கள் இரண்டு பேரும் கிரேக்கத் தேவர்களைப் பற்றிப் பேசுவோம். கந்தோரில் எங்களை ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் வேலையில் பாதி, யார் யார் என்று சொல்வதுதான். வருடக்கணக்காக ஊரில் இல்லாதவர்கள் திரும்பி வந்தார்கள். வளவுகளைக் காடு மூடியிருந்தது. வேலி இல்லை, வீடு இல்லை, பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. "நான் இன்னாற்றை மகன்" என்று வந்து நிற்பவரை நம்புவதா விடுவதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

றஹீம் சேர் விசாரிக்கிற விதம் தனியானது. வந்தவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை விசாரணைக் கோப்பைத் திறக்கமாட்டார். கதிரையை யன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வெளியில் நிற்கும் வேப்பமரத்தோடு பேசுவதுபோலக் கேள்வி கேட்பார். பதில் சொல்லும்போது எழுதமாட்டார். ஆள் போன பிறகுதான் பேனை எடுப்பார். "எழுதுறதைக் கண்டால் சனம் எழுதுறதுக்கேத்த மாதிரிக் கதைக்கத் தொடங்கும்" என்பார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஊருக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது. கோயில் திருவிழா எப்போது, பள்ளிக்கூடத்தில் யார் படிப்பித்தது என்பதெல்லாம் யாரும் பாடமாக்கி வரலாம். வீட்டுக்குள் இருந்தவனுக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்க வேண்டும்.

ஒருமுறை, இறந்துபோன ஒரு தம்பதியின் மகன் என்று சொல்லி ஒருவர் வந்தார். ஊரைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னார். றஹீம் சேர் வேப்பமரத்தைப் பார்த்தபடி கேட்டார்: "மழை பெய்தால் உங்கட வீட்டில எந்த இடத்தில ஒழுகும்?"

"எங்கட வீடு ஒழுகாது சேர்."

அவர் போனபிறகு சேர் பேனையை எடுத்தார். "ஒழுகாத கிடுகு வீட்டை இந்தக் கரையில நான் காணேல்ல. இன்னும் வடிவா விசாரியுங்கோ, மிஸ்." விசாரித்தேன். அந்தத் தம்பதிக்குப் பிள்ளைகளே இருக்கவில்லை.

மற்றொரு நாள் புத்தளத்திலிருந்து பாத்தும்மா என்ற வயதான அம்மா வந்தார். தன் வளவைக் காட்டத் தெரியவில்லை. காடு வெட்டியபோது மூன்று பழைய கிணறுகள் வெளிப்பட்டன. எது அவருடையது என்று அவருக்கே குழப்பம். ஒவ்வொன்றிலும் வாளி இறக்கித் தனக்குத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார். மூன்றாவது கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர் கொஞ்ச நேரம் விழுங்காமலே நின்றார்.

"இது எங்கட வாப்பா வெட்டினது. உப்புக்குப் பின்னால ஒரு இனிப்பு வரும்."

றஹீம் சேரும் குடித்துப் பார்த்தார். "எனக்கு மூண்டும் ஒரே உப்பாத்தான் கிடக்கு" என்றார். பிறகு பாத்தும்மாவின் பழைய அயலவர் ஒருவரை வேறொரு நாள் தனியாகக் கூட்டி வந்து குடிக்கக் கொடுத்தோம். அவரும் அதே கிணற்றைக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில் சேர் ஜீப்பில் கதையைத் தொடங்கினார். இருபது வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் தீவுக்குத் திரும்புகிறான் கிரேக்க அரசன் ஒடிசியஸ். கால் கழுவிவிட்ட கிழவி அவனைத் தழும்பைக் கண்டு அறிகிறாள். கிழட்டு நாய் குரலைக் கேட்டு வாலாட்டுகிறது. மனைவி பெனலோப்பி மட்டும் நம்பவில்லை. "நம்முடைய கட்டிலை வெளியில் எடுத்துப் போடுங்கள்" என்று அவன் காதில் விழச் சொல்கிறாள். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தில் அவனே செய்த கட்டில் அது, அசைக்க முடியாதது. அவன் கோபத்தோடு அதைச் சொல்ல, அவள் அழுதுகொண்டு ஓடிவருகிறாள்.

"தமயந்தி கட்டிலைக் கேக்கேல்ல சேர்" என்றேன். "அவ ஆளை அனுப்பிச் சமையலை எடுப்பிச்சவ." நளன் உருமாறி, சமையற்காரனாக வந்து நிற்கிறான். அவன் சமைத்ததை வாயில் வைத்ததும் தமயந்திக்குத் தெரிந்துவிடுகிறது, இந்தக் கைப்பக்குவம் யாருடையது என்று.

"எங்கட யாக்கூப் நபிக்குச் சட்டை" என்றார் சேர். "மகன் யூசுப் உயிரோட இருக்கிறார் எண்டது சட்டை வந்து சேர முன்னமே வாசத்தில தெரிஞ்சு போச்சு." நான் எம்மாவுசுக்குப் போன சீடர்களைச் சொன்னேன். வழி முழுக்கக் கூடவே நடந்த இயேசுவை அவர்கள் அறியவில்லை, அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. வண்டியோட்டி ஜெகன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தும்மாவுக்குத் தண்ணி" என்றார். அவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மரியதாஸ் வந்து சேர்ந்தார்.

போர்க்காலத்தில் ஒரு வள்ளம் நிறையச் சனத்தை இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிப் போனவர். அங்கே பிடிபட்டார். வள்ளம் போனது. முகாமில் போட்டார்கள். இங்கே ஊரும் இடம்பெயர்ந்து சிதறியது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு காலையில் தலைமன்னார்க் கரையில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை மட்டும். பொலிஸ் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. பிணையில் விட்டு, ஆள் யார் என்று உறுதிசெய்து அறிக்கை தரும்படி எங்களிடம் கேட்டார்கள். உறுதிசெய்யாவிட்டால் அவர் இந்த நாட்டு ஆளே இல்லை. அடையாள அட்டை இல்லை, தொழிலுக்குப் போக முடியாது, அக்கரையிலும் இடமில்லை.

அண்ணன் கபிரியேல் அவரைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். ஊரில் மூத்தவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். மரியதாஸ் வாயைத் திறந்தால் இராமநாதபுரத்துப் பேச்சுத்தான் வந்தது. "வணக்கம்ங்க, நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் எங்கள் கரையில் யார் நம்புவார்கள்? ஒரு முதியவர் சொன்னார்: "கதைக்கிறது இந்தியாக் கதை. ஆனால் முழி மரியதாஸின்ர முழிதான்." ஞானஸ்நானப் பதிவேடு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அவர் போகும்போது மகள் கைக்குழந்தை. இப்போது பேசாலையில் கலியாணம் முடித்து இருந்தாள். அவளிடம் கேட்டதற்கு, "அம்மா ஓம் எண்டு சொன்னால் அப்பா. எனக்கு வேற வழி தெரியேல்ல, மிஸ்" என்றாள்.

ஆகவே எல்லாம் மனைவி பிலோமினாவின் வாயில் வந்து நின்றது.

பிலோமினா கரையில் கருவாட்டு வாடி நடத்தியவள். மாதர் சங்கத்துக்குத் தலைவி. அவள் பேசினால் வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமாரும் கேட்பார்கள். புருசனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் பல உதவிகள் கிடைக்கும் என்று நானே அவளுக்கு இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "பிறகு பாப்பம், மிஸ்" என்று ஒவ்வொரு தடவையும் மழுப்பிவிடுவாள். அவளை என் கந்தோருக்குக் கூப்பிட்டேன். மரியதாஸ் எதிர்க் கதிரையில் இருந்தார், அண்ணன் பக்கத்தில் நின்றார். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி சொன்னாள்:

"இவரை எனக்குத் தெரியாது."

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். கபிரியேல் கத்தத் தொடங்கினார். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மனைவி தெரியாது என்று சொன்னால் அண்ணனின் சொல் நிற்காது. அவள் சொன்னதை அப்படியே எழுதினால் ஒரு மனிதனின் கதை முடிந்தது. மாற்றி எழுதினால் நான் பொய் எழுதியவள். அடுத்த நாள் வாடிக்குப் போனேன். பிலோமினா குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பலகைக் கட்டையைத் தள்ளிவிட்டாள்.

"அந்த விசயமெண்டால் கதைக்க வேண்டாம், மிஸ்."

"அது இல்லை. ஒரு கதை சொல்ல வந்தனான்" என்றேன்.

கிரேக்க அரசனின் கதையைச் சொன்னேன். போரையும் கடலையும் விரித்துச் சொன்னேன், அவளுக்குக் கடல் தெரியும். ஒற்றைக் கண் அரக்கன் வந்த இடத்தில் கத்தி நின்றது. நாய் வாலாட்டிவிட்டுச் செத்த இடத்தில் "ச்சீ பாவம்" என்றாள். கட்டிலில் கொண்டுவந்து முடித்தேன். அவள் கையிலிருந்த மீனை வெட்டி முடித்தாள்.

"சண்டை எத்தினை வருஷம் எண்டனீங்கள்?"

"பத்து."

"பிறகு மற்றப் பத்து?"

கடலில் அலைந்ததைச் சொன்னேன். அதில் ஏழு வருடம் கலிப்சோ என்ற தேவதையின் தீவில் அகப்பட்டிருந்ததையும் சொல்ல வேண்டி வந்தது.

"ஏழு வருஷம் அங்க என்ன செய்தவராம்?"

"ஒவ்வொரு நாளும் கரையில இருந்து வீட்டை நினைச்சு அழுதவராம்."

"பகலில அழுதிருப்பார்" என்றாள் பிலோமினா. நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசி கட்டிலைப் பற்றி என்னத்துக்குக் கேட்டவ? ஆள் ஆரெண்டு அவவுக்குத் தெரியாதோ? நானெண்டால் கட்டிலைக் கேட்டிருக்க மாட்டன். அந்த ஏழு வருஷத்தைத்தான் கேட்டிருப்பன்."

அடுத்த மீனை எடுத்துக்கொண்டு சொன்னாள். ஆறேழு வருடத்துக்கு முன்னால், இந்தியாவிலிருந்து திரும்பி வந்த முள்ளிக்குளத்து ஆள் ஒருவர் அவளைத் தேடி வந்திருக்கிறார். முகாமில் மரியதாஸைக் கண்டதாகவும், பிலோமினா உயிரோடு இருக்கிறாள் என்று தானே அவருக்குச் சொன்னதாகவும் சொல்லியிருக்கிறார். "அதுக்குப் பிறகும் வரேல்ல, மிஸ். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொண்டு அங்க இருந்தால் அது வேற. இருக்கிறன் எண்டு தெரிஞ்சும் வரேல்ல."

அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மகளிடம்கூட. நான் எழும்பினேன். வாடி வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த ஆள் கபிரியேலண்ணை வீட்டிலதானே நிக்கிறார்? கணவாய்க் கறி அவருக்கு ஒத்துவராது எண்டு அங்க ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

றஹீம் சேரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கணவாய் வரைக்கும் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது சாட்சியம் இல்லை, மிஸ். இது கோபம். அவ சொல்லாததை நாங்கள் எழுத ஏலாது."

"அப்ப என்ன செய்யிறது?"

கதிரையை யன்னல் பக்கம் திருப்பினார். "எங்கட பிழை ஒண்டு கிடக்கு" என்றார். "இவ்வளவு நாளும் நாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தம். கேட்க வேண்டிய ஆள் அவ. அந்தக் கிரேக்க மனுசியைக்கூட ஒருத்தரும் விசாரிக்க விடேல்ல, ஒரு தந்திரம்தான் செய்ய விட்டவை. இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கோ."

விசாரணை நாளன்று கபிரியேலை வெளியில் இருத்தினார். உள்ளே நாங்கள் நான்கு பேர். தேநீர் வந்தது. பிலோமினா தொடவில்லை. சேர் அவளிடம் சொன்னார்: "அம்மா, இண்டைக்கு எங்களிட்ட கேள்வி இல்லை. உங்களிட்ட இருந்தால் கேளுங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

அவள் முதல்முறையாக மரியதாஸைத் திரும்பிப் பார்த்தாள். நரைத்த தலை, ஒட்டிய கன்னம், அண்ணனின் பெரிய சேட்டுக்குள் சின்னதாகத் தெரிந்த தோள்கள். நன்றாகப் பார்த்தாள்.

"முள்ளிக்குளத்து ஆள் என்னைப் பற்றி உங்களுக்குச் சொன்னதோ இல்லையோ?"

"சொன்னாருங்க" என்றார் மரியதாஸ். "நீ உசுரோட இருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னால ஊரே அழிஞ்சு போச்சுன்னுதான் சொன்னாங்க."

"பிறகு ஏன் வரேல்ல?"

"வரலாம்னுதான் இருந்தேன். போட்டுக்குப் பணம் சேரல. அப்புறம் முகாம்ல பதிவு, உடம்பு சரியில்லாம..."

"எங்கட கதையில சொல்லுங்கோ" என்றாள் பிலோமினா.

மரியதாஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பயந்தனான்" என்றார்.

"ஆருக்கு? நேவிக்கோ?"

"உனக்கு." இப்போது வந்தது எல்லாம் எங்கள் கரைத் தமிழ். "ரெண்டு நாளில வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். வள்ளத்தையும் துலைச்சுப்போட்டன். உன்ர காப்பை வித்து வாங்கின வள்ளம். பிள்ளையையும் நீ தனிய வளர்த்துப்போட்டாய். என்ன முகத்தோட வாறது? ஒவ்வொரு வருஷமும் வெளிக்கிடுவன். நீ வாசலில நிண்டு கேக்கிறமாதிரிக் கிடக்கும். திரும்பிப் போயிடுவன்."

"கேட்டிருப்பன்தான்" என்றாள் அவள்.

"தெரியும்."

"இப்ப மட்டும் ஏன் வந்தனீங்கள்?"

"அங்க ஒராள் செத்தவர். எங்கட கரை ஆள். ஒரு சொந்தமும் பக்கத்தில இல்லை. நாலு பேரோட கொண்டுபோய்த் தாட்டம். நீ ஏசினாலும் பரவாயில்லை, உன்ர ஏச்சைக் கேட்டுக்கொண்டு சாவம் எண்டு வந்தனான்."

பிலோமினா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுததாகக் காட்டிக்கொள்ளவில்லை, வியர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தாள். பிறகு றஹீம் சேரின் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்கோ சேர். இவர்தான்."

சேர் ஆள் இருக்கும்போது பேனை எடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "என்னெண்டு உறுதியாச் சொல்லுறீங்கள் எண்டும் எழுத வேணும், அம்மா."

"எனக்கு இவ்வளவு பயப்பிடுற ஆம்பிளை வேற ஆர் சேர் இருக்கிறாங்கள்?"

மரியதாஸ்தான் முதலில் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை. அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. றஹீம் சேர் யன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் அவர் எழுதிய வரி எனக்கு இன்றைக்கும் பாடம்: "மனைவி நேரில் விசாரித்து உறுதிப்படுத்தினார்."

சந்தோசச் செய்தியைச் சொல்லக் கபிரியேல் மோட்டார் சைக்கிளில் முன்னால் பறந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பஸ் எடுத்தோம். நான் பின்னால் ஏறினேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் பிலோமினா யன்னலோரம் இருந்து, பனையோலைப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். மரியதாஸ் முன் கதவால் ஏறி, இருக்க இடம் இருந்தும் இருக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகலாமா, அண்ணன் வீட்டிலேயே இறங்குவதா என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் ஆடி ஆடி நிமிர்ந்தார்.

நடத்துனர் பிலோமினாவிடம் வந்தார். அவள் இரண்டு டிக்கெட் கேட்டாள்.

"மற்றது ஆருக்கு அக்கா?"

"முன்னுக்குக் கம்பியில தொங்குறாரே, அவருக்கு." யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "வந்து இருக்கச் சொல்லுங்கோ. விழுந்து எழும்பினால் பிறகு நான்தான் பாக்க வேணும்."

நடத்துனர் பஸ் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்: "அண்ணை, உங்கட வீட்டுக்காறி கூப்பிடுறா."

மரியதாஸ் திரும்பிப் பார்த்தார். சரியாகத்தான் கேட்டதா என்பதுபோல என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் தலையாட்டினேன். பிலோமினா வெளியே பார்த்தது பார்த்தபடியே இருந்தாள், ஆனால் பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.